இணையத்தில் கண்டெடுத்தவற்றைத் தொலைக்காமல் காத்து, சொந்த முகவரியில் வெளியிடுவது எப்படி?

வடிவமைப்பு, தொழில்நுட்பம், வலைக்கலை ஆகியவற்றில் மனத்தைக் கவர்ந்தவற்றை ஏழு ஆண்டுகளாகச் சேர்த்து வந்தேன். அசையும் எழுத்துருக்கள், தரவை ஓவியமாக்கிய பக்கங்கள், ஒரே ஒரு வேலையைச் செவ்வனே செய்யும் சிறு கருவிகள் என்று பலவும் அந்தத் தொகுப்பில் இருந்தன. எல்லாவற்றையும், பக்கங்களின் முகவரிகளைச் சேமித்து வைக்கும் ஒரு பக்கக்குறிச் சேவையில் போட்டு வைத்திருந்தேன். அந்தச் சேவை மூடப்பட்டபோது என் கைக்கு வந்தது முகவரிகள் மட்டுமே கொண்ட ஒரு கோப்பு. அவற்றைத் திறந்து பார்த்தபோது பல பக்கங்கள் இல்லாமல் போயிருந்தன. இருந்த பக்கங்களிலும், எதற்காக அதை எடுத்து வைத்தேன் என்பது பல இடங்களில் நினைவுக்கு வரவில்லை. இது என் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்தது அன்று. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

மீண்டும் முதலிலிருந்து தொகுப்பைக் கட்டியெழுப்பியபோது நான் செய்த பிழைகளை நீங்கள் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: காலமும் செலவும்

சில நூறு பதிவுகள் கொண்ட தொகுப்பை ஒழுங்குபடுத்த, வார இறுதிகளில் மட்டும் உழைத்தால், இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். தளத்தை அமைப்பதற்கு இரண்டு நாள்கள் போதும். நேரத்தின் பெரும்பகுதியை நகலெடுப்பதும் உரிமம் சரிபார்ப்பதும் எடுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் தவறாமல் கட்ட வேண்டிய செலவு, தளத்தின் சொந்த முகவரியான டொமைன் பெயருக்கானது ஒன்றுதான். தளத்தை இலவசமாகவே ஏற்றி வைக்கலாம், தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பைக் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாகக் கிடைக்கும். காப்பு நகலுக்கென ஒரு வெளிவட்டு வாங்குவது ஒருமுறைச் செலவு.

1. ஏற்கெனவே சேர்த்ததை இன்றே வெளியே எடுங்கள்

நீங்கள் இப்போது பயன்படுத்தும் சேவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றுமதி செய்துவிடுங்கள். தளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையிலும், பக்கங்களைப் பிறகு படிக்கச் சேமித்துத் தந்த பாக்கெட் 2025 ஜூலையிலும் மூடப்பட்டன. இரண்டும் பலரும் நம்பிப் பயன்படுத்தியவை. பல சேவைகளில் ஏற்றுமதிக் கோப்பு உடனே கிடைப்பதில்லை. மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும், அதுவும் சில நாள்களில் காலாவதியாகிவிடும் என்பதால், கேட்ட கையோடு அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, ஏற்றுமதிக் கோப்பில் பெரும்பாலும் முகவரி, தலைப்பு, குறிச்சொல், தேதி ஆகியவையே இருக்கும். பக்கத்தின் உள்ளடக்கமோ படங்களோ இருக்கும் என்று எண்ணிக் கணக்கை அழித்துவிடாதீர்கள். இரண்டாவது, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அட்டவணையான சி.எஸ்.வி. கோப்பை இருமுறை சொடுக்கி எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ்த் தலைப்புகள் பொருளற்ற குறிகளாகத் தெரியக்கூடும். அப்படித் தெரிந்தால் எக்காரணத்தைக் கொண்டும் சேமிக்காதீர்கள். சேமித்தால் அந்தச் சிதைவு நிரந்தரமாகிவிடும். மூடிவிட்டு, தரவு இறக்குமதி வழியாக யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் எழுத்துகள் சரியாக வரும். மூன்றாவது, சுருக்கப்பட்ட முகவரிகள். சுருக்கிக் கொடுத்த சேவை நின்றுபோனால், மூலப் பக்கம் உயிரோடு இருந்தாலும் அதை அடையும் வழி அடைந்துபோகும். ஆகவே ஒவ்வொன்றையும் திறந்து, சென்று சேரும் முழு முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொரு கண்டெடுப்புக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்

ஒரு பதிவுக்கு ஒரு சாதாரண உரைக்கோப்பு என்று வைத்துக்கொள்வதே சிறந்தது என்பது என் முடிவு. தரவுத்தளச் செயலிகள் அழகாக இருக்கும். ஆனால் உரைக்கோப்பை எந்தக் கணினியும் எக்காலத்திலும் திறக்கும். சீட்டில் இவை இருக்கட்டும்: முழு முகவரி, தலைப்பு, உருவாக்கியவர் பெயர், நீங்கள் பார்த்த தேதி, உரிமம், காப்பகப் பிரதியின் முகவரி, மற்றும் இதை ஏன் எடுத்து வைத்தீர்கள் என்ற இரண்டு வாக்கியங்கள்.

அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். "நல்ல வடிவமைப்பு" என்று எழுதினால் ஓராண்டுக்குப் பின் அது உங்களுக்கே எதையும் சொல்லாது. "இந்த வரைபடத்தில் தொலைவைக் கிலோமீட்டரில் காட்டாமல் பயண நேரத்தில் காட்டியிருக்கிறார்கள்; அதனால் ஊர்களின் இடமே மாறித் தெரிகிறது" என்று எழுதினால், பக்கமே அழிந்துபோனாலும் அந்தக் கருத்து உங்களிடம் இருக்கும். என் பழைய தொகுப்பில் நான் உண்மையில் இழந்தது இதைத்தான். முகவரிகள் பலவற்றை மீட்டுவிட்டேன், என் காரணங்களை மீட்க முடியவில்லை.

கோப்புக்குப் பெயரிடுவதில் தமிழில் எழுதுவோருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் பரவலாக வழங்கும் கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்கு மேல் போக முடியாது. யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும், அதாவது கணினி தனியாக எண்ணும் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும், மூன்று பைட்டுகள் தேவை. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படும். ஆகவே கட்டுரையின் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக்கினால், ஒரு கணினியில் சேமிக்கப்பட்டது இன்னொன்றுக்குப் படியெடுக்கும்போது நின்றுவிடும். என் முதல் காப்பு நகலில் சில கோப்புகள் இப்படித்தான் விடுபட்டன. தேதியும் ஒரு குறுஞ்சொல்லும் போதும். முழுத் தலைப்பைக் கோப்பின் உள்ளே எழுதுங்கள்.

தேடலிலும் ஒரு சிக்கல் வரும். 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு என்பதால், பல தளங்களிலிருந்து ஒட்டிய தலைப்புகளைத் தேடும்போது சில பதிவுகள் அகப்படாமலே இருந்துவிடும். இத்தகைய வடிவங்களை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்ற இயல்பாக்க முறையில் எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

3. ஒன்றுக்கு மேற்பட்ட நகல்களை எடுங்கள்

முதல் நகலை இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வலைப்பக்கக் காப்பகமான வேபேக் மெஷினில் எடுங்கள். அங்குள்ள சேமிப்புப் பெட்டியில் முகவரியைக் கொடுத்தால், அந்த நொடியின் பிரதி ஒன்று நிலையான முகவரியோடு கிடைக்கும். கட்டணம் இல்லை. இலவசக் கணக்கு வைத்திருந்தால், அப்பக்கத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லலாம். ஆனால் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் அந்தக் காப்பகமே பல நாள்கள் முடங்கியது. தள உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பிரதிகள் பார்வையிலிருந்து விலக்கப்படவும் கூடும்.

இரண்டாவது நகல் உங்கள் கணினியில் இருக்க வேண்டும். சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்டிப்பு, பக்கத்தின் படங்களையும் பாணிகளையும் எழுத்துருக்களையும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பில் அடக்கித் தரும். சேமிக்கும் முன் பக்கத்தின் அடிவரை மெதுவாக உருட்டிச் செல்லுங்கள். பல தளங்கள் நீங்கள் கீழே செல்லும்போதுதான் படங்களை வரவழைக்கின்றன. உருட்டாமல் சேமித்தால் சில படங்கள் வெற்றுக் கட்டங்களாக நின்றுவிடக்கூடும். குக்கி ஒப்புதல் பலகையையும் மூடிவிட்டுச் சேமியுங்கள். பி.டி.எஃப். ஆக அச்சிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. கட்டுரைக்கு அது போதும். ஆனால் வடிவமைப்புக்காகவே நீங்கள் விரும்பிய பக்கத்தின் வடிவமைப்பை அது குலைத்துவிடும்.

சுட்டியின் அசைவுக்கேற்ப மாறும் பக்கங்கள், முப்பரிமாணக் காட்சிகள் போன்றவை இந்த இரண்டு முறைகளிலும் முழுமையாக அகப்படா. அவற்றுக்கு வெப்ரெக்கார்டர் குழுவினரின் ஆர்கைவ்வெப்.பேஜ் நீட்டிப்பு ஏற்றது. நீங்கள் பக்கத்தில் உலவும்போது உலாவிக்கு வந்து சேரும் அனைத்தையும் அது பதிவு செய்யும். ஆகவே எந்தெந்தப் பொத்தான்களை அழுத்தினீர்களோ அவற்றின் விளைவுகளே கிடைக்கும், அழுத்தாதவை கிடைக்கா. பொறுமையாக எல்லா மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். கூடவே அரை நிமிடம் ஓடும் திரைப் பதிவு ஒன்றையும் எடுத்து வையுங்கள். வேறு எதுவும் ஓடாத காலத்திலும் காணொளி ஓடும்.

ஓர் எச்சரிக்கை: உள்நுழைந்து பார்த்த பக்கங்களையும், உங்கள் கணக்கின் அடையாளக் குறி முகவரியிலேயே அடங்கிய பக்கங்களையும் பொதுக் காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள்.

4. வெளியிடும் முன் உரிமத்தைப் பாருங்கள்

உங்களுக்காக வைத்துக்கொள்ளும் நகல் வேறு, ஊரறிய வெளியிடும் நகல் வேறு. இணைப்புக் கொடுத்து உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. பிறர் படத்தை உங்கள் தளத்தில் ஏற்றுவதில்தான் சிக்கல். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில் பதிப்புரிமை, படைப்பு உருவான உடனே, எந்தப் பதிவும் இன்றித் தானாகவே பிறக்கிறது. ஆகவே பதிப்புரிமைக் குறி இல்லாத படம் உரிமையாளர் இல்லாத படம் என்று கொள்ளாதீர்கள்.

பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தால் அதன் எழுத்துகளைக் கவனமாகப் படியுங்கள். சி.சி.0 என்றால் படைத்தவர் தம் உரிமைகளைச் சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்குத் துறந்திருக்கிறார். பி.ஒய். என்றால் அவர் பெயர், உரிமத்தின் பெயரும் இணைப்பும், நீங்கள் ஏதேனும் மாற்றியிருந்தால் அந்தத் தகவல் ஆகிய எல்லாவற்றையும் தர வேண்டும். பெயரை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதே பலர் செய்யும் தவறு. எஸ்.ஏ. என்றால் அதை மாற்றியமைத்து வெளியிடும்போது அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்.சி. என்றால் வணிகப் பயன் கூடாது. உங்கள் தளத்தில் விளம்பரம் போடும் எண்ணம் இருந்தால் அத்தகைய படங்களை முதலிலேயே தவிர்த்துவிடுங்கள். என்.டி. என்றால் மாற்றியமைத்த வடிவத்தை வெளியிடக் கூடாது. உரிமம் குறிப்பிடப்பட்ட பக்கத்தைத் தேதியோடு நகலெடுத்து வையுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. ஆனால் பின்னாளில் அந்தக் குறிப்பு பக்கத்திலிருந்து நீக்கப்பட்டால், அது முன்பு இருந்ததற்கு உங்கள் கையிலுள்ள நகலே ஆவணம்.

எழுத்துருக்களுக்குத் தனிக் கவனம் தேவை. கணினியில் பயன்படுத்த வாங்கிய எழுத்துருவை வலைத்தளத்தில் ஏற்றும் உரிமை பெரும்பாலும் அந்த விலைக்குள் அடங்காது. வலை உரிமம் தனியே விற்கப்படும், அதுவும் சில இடங்களில் மாதப் பார்வைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப. எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வரும் எழுத்துருக்கள் இந்தக் கவலையைத் தீர்க்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் அத்தகையது.

அனுமதி கேட்டு எழுதும்போது எந்தப் படம், எந்தப் பக்கத்தில், என்ன அளவில், வருமானம் உண்டா இல்லையா என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். நான் எழுதிய கடிதங்களில் சுருக்கமானவற்றுக்கே பதில் வந்தது. இரண்டு வாரம் காத்திருந்து ஒருமுறை நினைவூட்டுங்கள். மௌனம் சம்மதம் என்ற வழக்கு இங்கே செல்லாது. பதில் வராவிட்டால் இணைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. டொமைன் பெயரை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் நான் மிக அதிகமாக இழந்தேன். என் முதல் டொமைனைத் தளம் அமைத்துக் கொடுத்தவரே தம் கணக்கில் பதிந்திருந்தார். புதுப்பிப்பு எச்சரிக்கைகள் அவருடைய பழைய அஞ்சலுக்குப் போயின. தளம் திறக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் காலாவதியான செய்தியே எனக்குத் தெரிந்தது. மீட்பதற்கு வழக்கமான ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

டாட் காம், டாட் ஆர்க் என்று டொமைனின் கடைசியில் வரும் பொது முடிவுகளுக்கு உங்கள் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை போதும். சில நாடுகளுக்குரிய முடிவுகளுக்கு அடையாள ஆவணமோ வசிப்பிடச் சான்றோ கேட்பார்கள். பணம் கட்டும் முன்பே விதிகளைப் படித்துவிடுங்கள். பதிந்தவுடன் மின்னஞ்சலைச் சரிபார்க்கும் இணைப்பு ஒன்று வரும். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகானின் விதிப்படி 15 நாள்களுக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் டொமைன் நிறுத்தி வைக்கப்படலாம். அது வேண்டாத அஞ்சல் பெட்டிக்குள் விழுந்துவிடுவது உண்டு.

அந்தக் கணக்குக்கு, அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அஞ்சலும் நிற்கும், மீட்புக் கடிதமும் வராது. விலையைப் பார்க்கும்போது முதலாண்டுச் சலுகை விலையை விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்பு விலையை ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் அதிக அளவாக 10 ஆண்டுகள் வரை பதியலாம். நான் மூன்றாண்டுகளுக்குக் கட்டி, தானியங்கிப் புதுப்பிப்பையும் இயக்கி, பண அட்டை காலாவதியாகும் மாதத்தையும் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். புதிதாகப் பதிந்த டொமைனை வேறு பதிவாளருக்கு (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனத்துக்கு) மாற்ற, பொதுவாக முதல் 60 நாள்களுக்கு இயலாது என்பதால், பதிவாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே நிதானமாக இருங்கள்.

பொது முடிவுகளில் காலாவதிக்குப் பின் நடப்பவை இவை: பதிவாளரைப் பொறுத்து 45 நாள்கள் வரை வழக்கமான விலையில் புதுப்பிக்க வாய்ப்பு இருக்கலாம், ஆனால் எல்லோரும் அத்தனை நாள்கள் கொடுப்பதில்லை. அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், கூடுதல் கட்டணத்தோடு. அதன்பின் 5 நாள்கள் எவராலும் எதுவும் செய்ய முடியாது. அதோடு பெயர் பொதுவில் விடப்படும்.

6. தளத்தை எளிமையாக அமையுங்கள்

தரவுத்தளம் இல்லாமல், முன்பே உருவாக்கிய பக்கங்களை அப்படியே காட்டும் நிலைத்தளமே இத்தகைய தொகுப்புக்குப் பொருத்தம். உங்கள் உரைக்கோப்புகளையே பக்கங்களாக்கும் ஹ்யூகோ, எலெவன்டி போன்ற கருவிகள் இலவசம். உருவான தளத்தை, கிட்ஹப் பேஜஸ் என்ற தளமேற்றும் சேவையில் இலவசமாக ஏற்றலாம். வெளியிடும் தளம் 1 ஜி.பி.க்குள் இருக்க வேண்டும் என்பதால் காணொளிகளை அங்கே வைக்காதீர்கள். டொமைனை இணைத்த பின் எல்லா இடங்களிலும் தெரிய 48 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தால் எது சரி, எது பிழை என்று கண்டறிய முடியாமல் போகும்.

ஒவ்வொரு பதிவின் முகவரிக்கும் எண்ணையோ சிறு ரோமன் எழுத்துச் சொல்லையோ வையுங்கள். தமிழ்மேல் எனக்குள்ள பற்றில் முதலில் தமிழிலேயே முகவரிகள் அமைத்தேன். அவற்றைப் படியெடுத்துப் பிறருக்கு அனுப்பும்போது ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. 'வடிவமைப்பு' என்ற ஒரு சொல்லே 90 எழுத்துகள் ஆகிவிடுகிறது. சில செயலிகளில் இணைப்பு பாதியிலேயே அறுபடுகிறது. தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும்.

எழுத்துருவை, வலைக்கென்றே சுருக்கப்பட்ட டபிள்யூ.ஓ.எஃப்.எஃப்.2 வடிவில் ஏற்றுங்கள். அளவைக் குறைக்க எழுத்துருவை வெட்டும்போது, எழுத்துகள் இணைவதற்கான விதிகளையும் சேர்த்து வெட்டிவிட்டால் உயிர்க்குறிகள் இடம் மாறி நிற்கும். கொம்பு வரும் சொற்களை வைத்துச் சோதித்த பிறகே வெளியிடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கட்டும். படங்களைப் பார்க்க இயலாதவருக்காக மாற்றுரை எழுதுங்கள். புதிய பதிவுகளை வாசகரின் செயலியில் சேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். ஓடையில் முழுப் பதிவையும் கொடுங்கள்.

7. ஆண்டுக்கு இருமுறை சோதியுங்கள்

இணைப்புச் சோதனைக் கருவி, திறக்காத பக்கங்களைச் சொல்லும். அது சொல்லாத ஒன்று உண்டு: காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கிச் சூதாட்டத் தளமாக்கியிருந்தாலும் கருவிக்கு அது நலமாகத் திறக்கும் பக்கம்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் சில பதிவுகளையாவது கண்ணால் திறந்து பாருங்கள். மாறிப்போன இணைப்பை நீக்கிவிட்டு, காப்பகப் பிரதியின் இணைப்பை அந்த இடத்தில் வைத்து, மாற்றிய தேதியையும் குறிப்பிடுங்கள்.

காப்பு நகல் மொத்தம் மூன்று இருக்கட்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில் இருக்கட்டும், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். நகலெடுத்தால் மட்டும் போதாது. ஒரு கோப்புறையை அந்த நகலிலிருந்து மீட்டு, தளத்தை மீண்டும் உருவாக்கிப் பாருங்கள். விடுபட்ட தமிழ்க் கோப்புகளை நான் கண்டுபிடித்தது அப்படி மீட்டுப் பார்த்த அன்றுதான்.

கடைசியாக, டொமைன் பதிவாளரின் பெயர், கணக்குப் பெயர், புதுப்பிக்க வேண்டிய தேதி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மீட்புக் குறிகளைப் புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளையும் மாற்றிக் கொடுங்கள்.